தட்டிக்கு அந்தப் பக்கம்

எங்கள் மன்றத்தில் சாதாரண செஸ் ஆட அனுமதி கிடையாது. "அதுக்குத்தான் உலகமே இருக்கே" என்பார் பல் டாக்டர். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஒரு சலவைக் கடையின் மாடியில் கூடுவோம். கீழே இயந்திரங்கள் துணி பிழியும்போது மாடித் தரை அதிரும், காய்கள் கட்டத்துக்குள்ளேயே லேசாக நடுங்கும். ஒரு மேசையில், வெட்டிய காயைத் தன் காயாகவே திரும்ப இறக்கும் ஆட்டம் நடக்கும். இன்னொன்றில் எல்லாக் காய்களையும் முதலில் பறிகொடுப்பவருக்கே வெற்றி. பல் டாக்டர் அதில் புலி. "வாரம் பூராப் பிடுங்குறேன், ஒரு நாளாவது குடுக்க வேணாமா?"

ஜன்னலோர மேசை எங்களுடையது. அக்கா, அத்தான், நான். எங்கள் ஆட்டம் தட்டி செஸ். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த தட்டி ஒன்று மேசையின் நடுவில் நிற்கும். அந்தப் பக்கம் ஒரு பலகை, இந்தப் பக்கம் ஒரு பலகை. எதிராளியின் முகமும் தெரியாது, அவர் எதை நகர்த்தினார் என்பதும் தெரியாது. மேசையின் ஓரத்தில் நடுவருக்கு மூன்றாவது பலகை. இருவருடைய காய்களும் உண்மையில் எங்கே நிற்கின்றன என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். முடியாத இடத்துக்கு நகர்த்தப் பார்த்தால் "இல்லை" என்பார், வேறு முயற்சி செய்ய வேண்டும். வெட்டு விழுந்தால் கட்டத்தைச் சொல்வார். செக் என்றால் செக் என்பார். மற்றபடி வாய் திறக்கக் கூடாது.

ஆடுபவர் நடுவரிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். என் சிப்பாய் எதையாவது வெட்ட வழி உண்டா? எங்கள் வழக்கப்படி, "உண்டா?" என்று கேட்டால் நடுவர் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும்.

ராணுவ அதிகாரிகள் வரைபடத்தின் மேல் நடத்திய போர்ப் பயிற்சியிலிருந்து இந்த ஆட்டம் பிறந்தது என்று புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் பல் டாக்டர் சொல்வார். கூடவே என்னைக் காட்டி, "அங்கயும் நடுவர் பாடுதான் திண்டாட்டம்" என்பார்.

எனக்கு அது திண்டாட்டமாகத் தெரியவில்லை. ஒன்பது வருடம் நான்தான் நடுவர். அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் ஊகிக்கப் பிடிக்காது அவளுக்கு, ஆனால் அத்தானை மட்டும் ஊகிப்பாள். எதிராளியின் காய்களை நம் பலகையில் நம் யூகப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அத்தானின் ராஜா, யானை, குதிரை எல்லாவற்றையும் அவள் வைக்கும் இடத்தை என் பலகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் பொறாமையும் வரும்.

போன வருடம் அந்த யூகங்கள் தப்ப ஆரம்பித்தன. வலது மூலையில் இருக்கும் ராஜாவை அவள் இடது மூலையில் வைத்துக்கொண்டு அங்கேயே படை திரட்டிக்கொண்டிருப்பாள். வாராவாரம் பார்த்தேன். சொல்லக் கூடாது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அத்தான் நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். கடையில் நான் இருக்க மாட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். பாதியில் திரும்பிப் போகவும் முடியாமல் தாள்களை நீட்டினார். வாடகை ஒப்பந்தம். வேறொரு வீடு. குடியிருக்கப் போகிறவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள், இரண்டாவது பெயர் அக்காவுடையது இல்லை. இயந்திரத்தின் வெளிச்சம் இடமிருந்து வலமாகப் போய் வந்தது. மூன்று பிரதி எடுத்து, ஸ்டேபிள் அடித்து, கடை வழக்கப்படி மேலே ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் 'மூன்று பிரதி' என்பதையும் எழுதிச் செருகினேன்.

"நானே அவகிட்ட சொல்லிடுறேன்" என்றார். "அதுவரைக்கும் நீ நடுவர் மாதிரி இரு. ப்ளீஸ்மா."

நான் தலையாட்டினேன். எனக்கு அது நன்றாகத் தெரிந்த வேலை.

அடுத்த சனிக்கிழமை அக்கா வீட்டில் அவளும் நானும் போர்வை மடித்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை.

"உங்க அத்தான் ஆட்டமே பிடிபடல இப்பல்லாம்" என்றாள். "உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"நடுவர்கிட்ட கேக்கக் கூடாதுக்கா."

"ஒரே ஒரு கேள்வி கேக்கலாம்ல? கேக்குறேன். உண்டா?"

"அது சிப்பாய்க்கு மட்டும்தான்."

"போடி, பெரிய நடுவர்" என்று போர்வையை என் தலைமேல் எறிந்தாள். இருவரும் சிரித்தோம். போர்வைக்குள் நான் கொஞ்ச நேரம் அதிகமாகவே இருந்தேன்.

ஆறு வாரம் கழித்து அத்தான் இரண்டு பெட்டிகளோடு போய்விட்டார். அதற்கு அடுத்த வாரம் அக்கா கடைக்கு வந்தாள். வீட்டில் அத்தானின் மேசை இழுப்பறையில் ஒரு பிரதி தங்கிவிட்டிருக்கிறது. துண்டுச் சீட்டை மட்டும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"உன் கையெழுத்து இப்பவும் அழகா இருக்கு" என்றாள். "தேதியும் போட்டிருக்க."

வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, அப்படியே வெளியே போய்விட்டாள்.

நான்கு மாதம் என் போனை அவள் எடுக்கவில்லை. போன புதன்கிழமை அவளே கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஆட வரேன். நீ நடுவரா உக்காராத. எதிர்ல உக்காரு."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து நான் தூங்கியதும் எழுந்ததும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான். அக்காவைத் திரும்பப் பெற எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே மேசை அது.

மன்றத்துக்கு வரும் பஸ் டிரைவர் அண்ணன் ஒருவர் நடுவராக உட்கார்ந்தார். நான் போவதற்கு முன்பே அக்கா தட்டிக்கு அந்தப் பக்கம், கதவை ஒட்டிய நாற்காலியில் இருந்தாள். ஜன்னல் பக்க நாற்காலியை எனக்கு விட்டிருந்தாள். தட்டிக்கு மேல் அவள் தலைமுடிகூடத் தெரியவில்லை. எனக்கு வெள்ளை.

ஆடும்போதுதான் புரிந்தது, நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. "கறுப்பு ஆடியாச்சு" என்பார் அண்ணன். எதை, எங்கே? தெரியாது. என் பலகையில் கறுப்புக் காய்களை எடுத்து எடுத்து வைத்தேன். அக்கா அவசரப்பட்டு ராணியை வெளியே விடமாட்டாள். குதிரையை நடுவுக்குக் கொண்டுவருவாள். அவள் நகர்த்துவதற்கு முன் காயின் தலையை ஆள்காட்டி விரலால் ஒருமுறை தொடுவாள், அதைக்கூட நினைத்துக்கொண்டு வைத்தேன்.

"இல்லை" என்றார் அண்ணன் என் பிஷப்பைப் பார்த்து. இன்னொரு முயற்சி. "இல்லை." எங்கே எதில் இடிக்கிறேன் என்று தெரியாமல் இடித்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது வருடம் அந்தச் சொல்லை நான்தான் எத்தனை சாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன்.

பத்தொன்பதாவது நகர்த்தலில் முடிவு செய்தேன். அவளுடைய சிப்பாய் எங்கே இருக்கிறது என்பது அந்த 'இல்லை'களை வைத்து எனக்கு ஏறக்குறைய தெரிந்துவிட்டது. என் ராணியைக் கொண்டுபோய் அந்தச் சிப்பாயின் வாயில் வைத்தேன். ஆட்டத்தில் இதைவிடப் பெரிதாகக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. அக்கா "உண்டா?" என்று கேட்பாள். கேட்டே ஆக வேண்டும், அது அவள் பழக்கம். அண்ணன் "உண்டு" என்பார். வெட்டுவாள். வெட்டும்போது அவளுக்குப் புரியும், இது தவறி வைத்ததில்லை என்று.

"வெள்ளை ஆடியாச்சு" என்றார் அண்ணன்.

காத்திருந்தேன். தட்டி செஸ்ஸுக்கு எங்கள் மன்றத்தில் கடிகாரம் கிடையாது, யோசிப்பவர் யோசிக்கலாம். கீழே இயந்திரங்கள் பிழிய ஆரம்பித்தன, தரை அதிர்ந்தது. அடுத்த மேசையில் பல் டாக்டர் தன் கடைசி யானையையும் வெற்றிகரமாகப் பறிகொடுத்து, எழுந்து கூத்தாடினார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு இயந்திரங்கள் நின்றன.

அக்கா நிறைய யோசிக்கிறாள் என்று நினைத்தேன். அது நல்லது என்று நினைத்தேன். அவளுடைய குரலில் அந்த ஒரு சொல் வரட்டும் என்று அட்டையின் பழுப்பு நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தன் பலகையை விட்டு முகத்தை நிமிர்த்தவில்லை. அவர் காது நுனி சிவந்திருந்தது.

"அண்ணே?"

அவர் ஒரு காயை எடுத்துத் திரும்ப அதே கட்டத்தில் வைத்தார்.

தட்டியைத் தாண்டி எட்டிப் பார்த்தால் தோல்வி. எழுந்து பார்த்தேன்.

நாற்காலி காலியாக இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"கால் மணி இருக்கும்."

"ஏண்ணே சொல்லல?"

"சொல்ல வேணாம்னு கையக் காட்டிட்டுப் போனாங்கம்மா. அந்தப் பக்கம் நடக்கிறத நான் எப்படி..." அவரிடம் கோபப்பட எனக்கு எந்த வழியும் இல்லை.

அந்தப் பக்கம் போய் நின்றேன். அவளுடைய பலகையில் கறுப்புக் காய்கள் ஒழுங்காக நின்றன. நான் நினைத்த இடத்திலேயே அந்தச் சிப்பாய். வெள்ளைக் காய் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பெட்டிக்குள் மூடியபடி இருந்தன. பத்தொன்பது நகர்த்தல்களில் நான் எங்கே இருக்கக்கூடும் என்று அவள் ஒருமுறைகூட வைத்துப் பார்க்கவில்லை.

"வெள்ளைக் காயெல்லாம் வைக்க வேணாம்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க" என்றார் அண்ணன் மெதுவாக.

நான் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். என் ராஜா, என் யானைகள், மிச்சமிருந்த சிப்பாய்கள், ஒவ்வொன்றையும் அது அது இருக்கும் இடத்தில் அவள் பலகையில் வைத்தேன். ராணியைக் கடைசியாக. அண்ணன் தன் பலகையைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒருமுறைகூட அவர் "இல்லை" சொல்ல வேண்டி வரவில்லை.

"உண்டா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, கேட்டால் சொல்லியே ஆக வேண்டும் என்பதால், "உண்டு" என்றார்.