மழைச் சத்தப் பெட்டி

…மழையேதான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே கண்ணைக் கூசவைக்கும் வெயில், பிறகு எங்கிருந்து பெய்கிறது என்று பார்த்தால் மூடிய கதவுக்குப் பக்கத்தில், தரையில், டிபன் டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள்ளிருந்துதான் இத்தனை மழையும். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாதாம். நல்ல ஏற்பாடுதான் போங்கள், என் மகள் கதவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் ஒரு டப்பா மழை. சோபா வேறு உட்கார்ந்தவளை அப்படியே விழுங்குகிறது, உடம்பு மிதக்கிற மாதிரி இருக்கிறது… தூக்கமா இது? பெற்ற பிள்ளையை முன்பின் தெரியாத பெண்ணோடு உள்ளே அனுப்பிவிட்டு எவளுக்காவது தூக்கம் வருமா? வருகிறதே, என்ன செய்ய. அவள் அதைச் சொன்ன நாளிலிருந்து கண்ணை மூடாமல் கிடந்தேன், வராத தூக்கமெல்லாம் இந்தப் பெட்டிக்குள் வந்து ஒளிந்துகொண்டிருக்கிறது போல. கதவோரம் அவளுடைய ஷூக்கள். உள்ளே கம்பளத்தில் உட்காரலாம், கழற்றிவிட்டு வா என்றார் அந்தப் பெண், கழற்றிவிட்டுப் போனாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை. யார் சொன்னாலும் செய்கிற பிள்ளை… அதுதானே இப்போது பயம்.

அவள் அதைச் சொன்னது தலை பின்னும்போது. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம் எடுத்திருந்தேன், “பெரியப்பா வீட்டுக்கு இனிமே போகலம்மா, அவரு விளையாடுற விளையாட்டு எனக்கு வேண்டாம், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு” என்றாள், சீப்பு என் கையில், முடி என் கையில், மற்றதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பெரியப்பா என்றால் வேறு யார், என் அக்கா புருஷன்தான். பள்ளி விட்டு நான் வேலை முடிந்து வரும்வரை அவள் இருந்த வீடு. அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம், அவர்தான் இங்கே அனுப்பினார், மேற்கொண்டு நீங்கள் ஒன்றும் துருவாதீர்கள், பிள்ளைகளிடம் கேட்பதற்கென்றே பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றார். கைப்பைக்குள் போன் உறுமுகிறது. அக்காதான், வேறு யார். நேற்று சொன்னாளே, “அவரு தூக்கிக் கொஞ்சினதை அது என்னமோ நெனச்சுக்கிச்சுடி, சின்னப் பிள்ளை பேச்சைக் கேட்டுக் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வச்சிடாதே.” சிரிக்கட்டுமே அக்கா, சந்தி வயிறு வலிக்கச் சிரிக்கட்டும், எனக்கென்ன… அப்படிச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அழுதேன். எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள். அவளையும் ஒரே நாளில் இழக்கப் போகிறேனா? போன் ஓய்ந்தது. மழை பெய்கிறது.

ஜன்னலுக்கு வெளியே என் மகளுடைய அப்பா போகிறார். உள்ளே உட்கார முடியவில்லை அவருக்கு, கட்டடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார், ஒவ்வொரு தடவையும் ஜன்னலில் எட்டிப் பார்த்து முடிந்துவிட்டதா என்று கையால் கேட்கிறார், இல்லை என்று தலையாட்டுகிறேன், மிதந்து போய்விடுகிறார், மீன் தொட்டிக்குள் மீன் போகிற மாதிரி. நான் மீனா அவர் மீனா? உள்ளே கேமரா இருக்கிறது, போலீஸ் அம்மா பக்கத்து அறையில் உட்கார்ந்து பார்க்கிறார், பிள்ளை ஒரே தடவை சொன்னால் போதும், ஆளாளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம், அதற்குத்தான். எல்லாவற்றையும், உள்ளே அவளிடம் கேட்கிற அந்தப் பெண் முதலிலேயே எங்களுக்கு விளக்கினார், குரல் கூட உயரவில்லை. “நானா எதையும் எடுத்துக் குடுக்க மாட்டேங்க. அவளே சொல்லட்டும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், நான் தப்பாச் சொன்னா திருத்தலாம், அதை முதல்லயே பழக்கிடுவேன். ‘உன் பேரை மாத்திக் கூப்பிட்டா நீ என்ன சொல்லுவே?’ன்னு கேட்டுப் பார்ப்பேன்.” நான் உள்ளுக்குள் சிரித்தேன், அம்மா தாயே, என் பெண்ணா பெரியவர்களைத் திருத்துவாள்? பேரை மாற்றிக் கூப்பிட்டால் அந்தப் பேருக்கே எழுந்து வந்து நிற்பாளே! எதிர்த்துப் பேசாதே, தலையை ஆட்டு, சமத்து… வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள், நானும் பூரித்துப் போனேன். அந்தத் தலையை இன்றைக்கும் ஆட்டிவிட்டால்? ஒன்றும் நடக்கவில்லை என்று ஆட்டிவிட்டால்? அந்த ஆள் மறுபடி எங்கள் வீட்டு வாசலில் மிட்டாயோடு வந்து நிற்பானே.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஆட்களை உட்காரவைத்து வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு எழுத்தைப் படிக்கச் சொல்வது. சேர்ந்த புதிதில், “இப்ப நல்லாத் தெரியுதுல்ல?” என்பேன், எல்லோரும் ஆமாம் ஆமாம் என்பார்கள், மரியாதைக்கு, பிறகு தலைவலியோடு திரும்பி வந்து சண்டை போடுவார்கள். கடையின் கண் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, “நீ பதிலையும் சேர்த்துக் கேட்குற. என்ன தெரியுதுன்னு மட்டும் கேளு, வாயை மூடிக்கிட்டு நில்லு” என்றார். அதிலிருந்து அப்படித்தான் நிற்கிறேன், கடையில். வீட்டில்? சாயங்காலம் அக்கா வீட்டுப் படியில் அவளைக் கூட்டிக்கொள்ளும்போது… “ஜாலியா இருந்தேல்ல?” தலையாட்டினாள். “பெரியப்பா நல்லாப் பாத்துக்கிட்டாருல்ல?” தலையாட்டினாள். ஐயோ. வழி முழுக்க நானே பேசிக்கொண்டு வந்தேனே. மழைச் சத்தம் கூடுகிறதா, என் காதுதான் அடைக்கிறதா…

கதவு திறந்தது. மழை நின்ற மாதிரி இருந்தது, பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மகள் வந்தாள், முகத்தில் அழுத தடம், ஆனால் நடையில் ஏதோ ஒரு லேசு. அந்தப் பெண் என்னைப் பார்த்து, “நல்லாப் பேசினா. வீட்டுக்குப் போய் எதுவும் கேட்காதீங்க, அவளாச் சொன்னா கேட்டுக்குங்க” என்றார். என்ன சொன்னாள், எவ்வளவு சொன்னாள், எல்லாம் சொன்னாளா… கைக்கு ஒரு வேலை வேண்டுமே, குனிந்து ஷூவை மாட்டினேன், தினமும் காலையில் மாட்டுகிற மாதிரியே நாடாவை இழுத்து இறுக்கி, தினமும் கேட்கிற மாதிரியே, “சரியா இருக்குல்ல?” என்றேன்.

“இல்லம்மா,” என்றாள். “வலிக்குது.”

நிமிர்ந்து பார்த்தேன். திட்டுவேனோ என்று ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை. இந்த ஷூ எத்தனை காலமாக வலிக்கிறது? காலை தவறாமல் நான்தானே இறுக்கினேன், காலை தவறாமல் தலையாட்டினாளே… ரொம்பவா, சுண்டுவிரல்தானே, புதுசு வாங்கிடலாமா என்று வரிசையாக வாயில் வந்து நின்றன. நாடாவை அவிழ்த்தேன். “எங்கடா வலிக்குது?” என்று மட்டும் கேட்டுவிட்டு, தரையிலேயே உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டேன். ஜன்னலில் அவளுடைய அப்பா வந்து நின்று கையால் எதையோ கேட்டார், நான் தலையாட்டவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.