கிளிமஞ்சாரோ வாழைக்காய்

சிதம்பரம் சமையலறை அலமாரிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு வந்த பித்தளைப் பூட்டு அது. உள்ளங்கை அகலம். அதைத் தொங்கவிட்டதும் மெல்லிய ஜெர்மன் அலமாரிக் கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து முனகியது.

"என்னண்ணே, உள்ள நகைநட்டா வச்சிருக்கீங்க?" என்றான் பாஸ்கரன்.

"சாம்பார்ப்பொடிடே. நகைன்னா திரும்ப வாங்கிரலாம்."

ஜெர்மனியில் பான் நகரத்து மாணவர் விடுதியின் மூன்றாம் மாடி. வருஷம் 1969. ஒரு சமையலறை, அதைச் சுற்றி நாலு அறை, கோடியில் ஒரு ஜெர்மன் தம்பதியின் பெரிய அறை. வேதியியல் ஆராய்ச்சி செய்யும் சிதம்பரம், இயற்பியல் படிக்கும் பாஸ்கரன், சட்டம் படிக்கும் டீட்டர். நாலாவது அறைக்குத் தான்சானியாவிலிருந்து ஒருவர் வருகிறார் என்று தெரிந்த அன்றுதான் பூட்டு வெளியே வந்தது.

"காட்டுல எதையெல்லாம் பிடிச்சுத் தின்னவனோ! குரங்கைக் கொண்டாந்து என் இட்லிப் பானையில வேக வச்சாம்னா?"

"பான்ல அவன் குரங்குக்கு எங்கண்ணே போவான்?"

"பக்கத்துல கொலோன்ல மிருகக்காட்சிசாலை இருக்குல்லா."

பாஸ்கரன் தன் தட்டைக் கழுவப் போய்விட்டான்.

இதே சிதம்பரத்திடம் யாராவது ஜெர்மானியர், "நீங்கள் பள்ளிக்கு யானையிலா போனீர்கள்?" என்று கேட்டுவிட்டால் போதும். முகம் சிவக்க, சிவப்பது வெளியே தெரியாத அந்த முகத்தோடு, திருநெல்வேலி டவுன் பஸ்ஸைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். கேட்டவர் தன் டிராமைத் தவறவிட்டுவிட்டுப் போவார்.

தான்சானியாக்காரர் வந்தார். பெயர் எலியா மசாவே. வேளாண்மை படிக்க வந்தவர். அதிகம் பேசாதவர். பூட்டைப் பார்த்தார், சிதம்பரத்தைப் பார்த்தார், வணக்கம் சொன்னார். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சமையலறைக்குள் நுழைந்த சிதம்பரம் அப்படியே நின்றுவிட்டார். மேஜைமேல் ஒரு சீப்பு வாழைக்காய். பச்சை. எலியா அதைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். அடுப்பில் அவரை விதை வெந்துகொண்டிருந்தது.

"வாழைக்காயா! இந்த ஊர்ல எங்க கிடைச்சுது?" ஆங்கிலம் தடுக்கி விழுந்தது சிதம்பரத்துக்கு.

"கப்பல்ல காயாத்தான் வருது. இங்க கிட்டங்கியில வச்சுத்தான் பழுக்க வைக்கிறாங்க. அதுக்கு முன்னாடி போய்க் கேட்டேன், கொடுத்தாங்க. எங்க ஊர்ல வீட்டைச் சுத்தி வாழைத் தோப்புதான். வாழை நிழல்ல காப்பிச் செடி. மலையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணி கொண்டு வருவோம்."

"எந்த மலை?"

"கிளிமஞ்சாரோ. உச்சியில பனி இருக்கும். ஜூலையில எங்கம்மா கம்பளி போட்டுக்கிட்டுத்தான் மாட்டுக்குப் புல்லு போடுவாங்க."

"ஆப்பிரிக்காவுல குளிரா?" சிதம்பரத்துக்கு யாரோ தன்னை ஏமாற்றுவதுபோல இருந்தது. "மழை?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவை. மார்ச்சுல பெருமழை. நவம்பர்ல சின்ன மழை. சின்ன மழை தப்பினா அவரை போச்சு."

"சரி, சிங்கம்? ராத்திரி வீட்டுக்குள்ள வந்துராதா?"

எலியா கத்தியைக் கீழே வைத்தார். "அது கீழே சமவெளியில, சரணாலயத்துல இருக்கு. நான் முதல்முதலா சிங்கத்தைப் பார்த்தது போன மாசம். கொலோன்ல."

பிறகு ஒரு தட்டு நிறைய வைத்து நீட்டினார். வாழைக்காயும் அவரையும் சேர்ந்த வாசனை சிதம்பரத்தின் வயிற்றைப் பிடித்து இழுத்தது. ஆனால் அந்தப் பானையில் நேற்று என்ன வெந்ததோ?

"பசியில்ல," என்றார். அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, காய்ந்த ரொட்டியைக் கடித்தார்.

அந்த மாதம்தான் மாடியின் கோடியில் இருந்த பெரிய அறை காலியானது. தம்பதிகளுக்கான அறை. சிதம்பரத்தின் மனைவி கிரிஜா பாளையங்கோட்டையில் காத்திருந்தாள். கல்யாணமான கையோடு பிரிந்து வந்தவர் அவர். இந்த அறை கிடைத்தால் அவள் வரலாம். இல்லையென்றால் படிப்பு முடியும்வரை கடிதம்தான். விடுதி விதி ஒன்றே ஒன்று: சமையலறையைப் பங்கிடும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அறை வேறு மாடிக்காரருக்குப் போய்விடும்.

சமையலறையிலேயே கூட்டம். விடுதிக் கண்காணிப்பாளர் நடுவில் உட்கார்ந்தார். பாஸ்கரன் உடனே கை தூக்கினான். டீட்டர் தயங்கினான். கெட்டவன் இல்லை, கவலைப்படுகிறவன்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா உங்க மனைவி அறைக்குள்ள தரையில நெருப்பு மூட்டிச் சமைப்பாங்களா? அப்படித்தான்னு எங்க மாமா சொன்னார். அப்புறம், பாம்பு வளர்ப்பாங்களாமே?"

சிதம்பரம் எழுந்துவிட்டார். "என் பெண்டாட்டி பி.ஏ. படிச்சவ! ஸ்டவ்வுலதான் சமைப்பா! பாம்பைப் பார்த்தா உங்க மாமாவைவிட வேகமா ஓடுவா! பார்க்காத ஊரைப் பத்தி, பழகாத மனுஷங்களைப் பத்தி எப்படி இப்படிப் பேச வருது உங்களுக்கு?"

டீட்டர் காதுவரை சிவந்து, கையைத் தூக்கினான். எல்லோரும் எலியாவைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்," என்றார் எலியா. "மிஸ்டர் சிதம்பரம் அலமாரியில பூட்டு ஒண்ணு தொங்குது. அவங்க வந்தா ரெண்டாயிருமா? இப்பவே இடிச்சுக்காம நடக்க முடியல."

"அது எனக்காகப் போட்டதுன்னு நினைச்சேன். அவர் தயிரை ஒரு தடவை எடுத்திருக்கேன்," என்றான் டீட்டர்.

தப்பிக்க வழி திறந்துவிட்டது. "ஆமா, தயிருக்காகத்தான்" என்றால் போதும், கிரிஜா வந்துவிடுவாள். சிதம்பரம் வாயைத் திறந்தார். ஆனால் சற்று முன் டீட்டரிடம் அவர் போட்ட கூச்சல் இன்னும் அந்த அறையைவிட்டுப் போகவில்லை. அது அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"தயிருக்காக இல்ல," என்றார் கடைசியில். "எலியாவுக்காகப் போட்டது. நீங்க... குரங்கு சமைப்பீங்கன்னு நினைச்சேன்."

பாஸ்கரன் கண்ணை மூடிக்கொண்டான். அறை போனது என்றே சிதம்பரமும் நினைத்தார்.

எலியா மேஜைமேல் குனிந்தார். பிறகு தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"மிஸ்டர் சிதம்பரம், குரங்கு எங்க சோளத்தைத் திங்கும். நாங்க குரங்கைத் திங்கறதில்ல." கண்காணிப்பாளரிடம் திரும்பினார். "எழுதிக்கோங்க. எனக்குச் சம்மதம். பொய் சொல்லியிருந்தா கொடுத்திருக்க மாட்டேன்."

கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். டீட்டர் இன்னும் கூச்சத்தோடு, "தப்பாக் கேட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க," என்றான்.

"நீயாவது வாயால கேட்டே டீட்டர், என்னால பதில் சொல்ல முடிஞ்சுது," என்றார் சிதம்பரம். "நான் எலியாவைக் கேக்கவே இல்ல. நம்மளைப் பத்தித் தெரியாம ஒருத்தன் பேசினா அதை அவமானம்னு சொல்றோம். அடுத்தவனைப் பத்தித் தெரியாம நாம நினைக்கிறதை மட்டும் உலக அறிவுன்னு சொல்லிக்கிறோம். ரெண்டும் ஒரே அறியாமைதான்."