நெஞ்சுக்கு வந்தவரிடம் சிறுநீரகத்தைக் கேட்டார்கள்

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யப்போகிறவருக்கு எதற்கு இத்தனை சிறுநீரகப் பரிசோதனை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. கணவர் பேருந்து ஓட்டுநர். இதயத்தின் ரத்தக் குழாய்களில் மூன்று அடைப்பு. அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்ப்பவள். காலர் ஓரத்தில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். காரணம் தெரியாமல் எதையும் விடுகிற ஆள் இல்லை.

"சிறுநீரகம் கொஞ்சம் மந்தமா இருக்கும்மா. இப்படி இருக்கறவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் இதயத் துடிப்பு தாறுமாறா ஆகறதுக்கு வாய்ப்பு அதிகம்," என்றார் மருத்துவர்.

"அது இடுப்புகிட்ட இருக்கு, இது நெஞ்சுல இருக்கு. ரெண்டுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"

"ரத்தத்துல உப்பையும் தண்ணியையும் அளவா வெச்சிருக்கறது சிறுநீரகம். அளவு மாறினா இதயம் மிரளும். வேற காரணமும் இருக்கும்னு நினைக்கறோம். முழுசா எங்களுக்கே இன்னும் தெரியல."

பெரிய படிப்பு படித்தவர் 'தெரியல' என்று சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

மருத்துவர் கணவர் பக்கம் திரும்பினார். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"பிரஷருக்கு மட்டும்தான்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாளே பொது வார்டுக்கு மாற்றினார்கள். அவர் கழிக்கும் சிறுநீரைக் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையில் அளந்து நர்ஸ் எழுதிவைத்தாள். அவளும் எட்டிப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் அளவு பாதியாகக் குறைந்திருந்தது. ரத்தப் பரிசோதனையிலும் சிறுநீரகம் முன்பைவிட மோசம் என்று வந்தது.

மதியம் தலை வாரிக்கொண்டிருந்தவர் சீப்பைக் கீழே வைத்தார். "நெஞ்சுக்குள்ள யாரோ தட்டாமாலை சுத்தற மாதிரி இருக்கு."

அவள் கட்டிலருகே துடிப்பைக் காட்டும் திரையைப் பார்த்தாள். காலை வரை ஒரே இடைவெளியில் எழும்பிய கோடுகள் இப்போது இரண்டு நெருங்கியும் ஒன்று தள்ளியும் ஓடின. "சிஸ்டர்!" என்று கத்தினாள்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், சொட்டு மருந்து ஏற்றினார்கள். "பயப்படாதீங்க, மூணாம் நாள் நிறைய பேருக்கு வர்றதுதான்," என்றார் மருத்துவர். "ஆனா சிறுநீரகம் ஏன் திடீர்னு இப்படிப் படுத்துக்கிச்சுன்னுதான் புரியல."

அவளுக்கு அது போதும். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது? உணவு அதேதான், தண்ணீர் அதேதான். நேற்று மாலை அவளுடைய தம்பி வந்துபோனான். அவன் போனதிலிருந்து இவர் வலி என்று முனகவே இல்லை.

தலையணையைத் தூக்கி உறைக்குள் கை விட்டாள். ஒரு மாத்திரை அட்டை. பத்தில் ஐந்து காலி.

"இது என்னங்க?"

"முதுகுவலிக்கு. உன் தம்பிகிட்டதான் சொல்லி வாங்கினேன்."

"எத்தனை நாளா சாப்பிடறீங்க?"

"வண்டி ஓட்டற நாளெல்லாம் ரெண்டு. ஒரு எட்டு ஒம்பது வருஷமா இருக்கும்."

"டாக்டர் கேட்டப்போ ஏன் சொல்லல?"

"அவர் மாத்திரைன்னுல்ல கேட்டார்? இது சும்மா வலிக்குப் போடறது."

கோபம் வந்தது. ஆனால் காரணம் கையில் சிக்கிவிட்ட நிம்மதியும் கூடவே வந்தது. அட்டையை நேரே மருத்துவரிடம் கொண்டுபோனாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிறுநீரகத்தை அமுக்கினது இதுதாம்மா. ஆபரேஷன் ஆன நெஞ்சுக்கும் இது ஆகவே ஆகாது."

"அப்போ துடிப்பு தப்பினதுக்கும் இதுதான் காரணமா?"

"அடிச்சுச் சொல்ல முடியாது. இது இல்லாமலும் வந்திருக்கலாம். வாய்ப்பை ஏத்திவிட்டிருக்கும், அவ்வளவுதான்."

வலிக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். மற்ற மருந்துகளின் அளவையும் சிறுநீரகம் தாங்குகிற மாதிரி மாற்றினார்கள். மறுநாள் மாலை கோடுகள் ஒழுங்குக்கு வந்தன. குவளையில் மட்டம் ஏறியது. தம்பி வந்து கட்டிலோரம் நெளிந்தான். "மாமா முதுகுவலின்னுதான் சொன்னார்க்கா."

"நீ மூளையை வீட்ல வெச்சுட்டு வந்தியா?" என்றாள். பிறகு அவனுக்கும் ஒரு டம்ளர் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிறுநீரகம் முழுசாகத் தேறவில்லை. பழைய மந்த நிலைக்குத் திரும்பியது, அவ்வளவுதான். மாதம் ஒரு முறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, விடுப்பை நீட்டிக்கக் கடிதம் கொடுக்கப் பணிமனைக்குப் போனார் கணவர். அவளும் கூடப் போனாள். ஓய்வறையில் பதினோரு ஓட்டுநர்கள் இருந்தார்கள். நலம் விசாரிப்பு முடிந்ததும் அவள் சும்மா இருக்க முடியாமல் கேட்டாள்: "நீங்கல்லாம் முதுகுவலிக்கு என்ன போடறீங்க?"

ஏழு பேர் சட்டைப் பையில் கை விட்டார்கள்.

அவள் அத்தனை சொல்லியும், அடுத்த வாரம் அந்த ஏழு பேரில் மூன்று பேர்தான் ரத்தப் பரிசோதனைக்கு வந்தார்கள். மற்றவர்கள் அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். வந்தவர்களில் ஒருவருக்கு முடிவு சரியில்லை. அவருக்கு நாற்பத்தொரு வயது. சிறுநீரக மருத்துவரிடம் அவரை அழைத்துக்கொண்டு போனது அவளுடைய கணவர்தான்.