மதியத்துக்குள் கண்டி

முந்தாநாள் சாயங்காலம் பொகவந்தலாவை டவுனில் சண்முகவடிவுக்கு ஊசி போட்டாயிற்று. கண்டி டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: "இந்த ஊசிக்குப் பிறகு முட்டை வெளியே வரும். வந்தால் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. ஒரு நாள் விட்டு மறுநாள் மதியத்துக்குள் இரண்டு பேரும் இங்கே இருக்கணும். கணவரிடம் விந்தை வாங்கி நான்தான் கருப்பையில் வைக்கணும். பிந்தினால் இந்த மாதம் போச்சு."

ஊசி போட்ட மறுநாள் தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கொழுந்து நிறுப்பதில் ஏமாற்றுகிறார்கள் என்று சத்தம் போட்ட தொழிலாளி பூரணியைத் தோட்ட மேலாளரான துரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கணேசமூர்த்தி, சண்முகவடிவின் புருஷன். மறுநாள் காலை துரையிடம் பேச வேண்டியவர் அவர்தான்.

டாக்டர் குறித்த நாளும் அதுதான். அன்று விடிந்ததும், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் சனம் கூடிவிட்டது. சண்முகவடிவு பையோடு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மொத பஸ் போயிருச்சுங்க. அடுத்ததையும் விட்டா ஒண்ணுமில்ல."

"இப்ப எப்பிடிடி போறது? துரைகிட்ட காசுக்குக் கை நீட்டிட்டு நழுவுறான்னு சொல்லுவாங்க."

"காரணத்த சொல்லிட்டு வாங்க."

"என்னன்னு சொல்ல?"

கல்யாணமானதிலிருந்து லயத்து வீடுகளில் மலடி என்ற பெயரைச் சுமந்தவள் அவள். குறை அவரிடம்தான் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் வாய் திறக்கவில்லை.

கூட்டத்தில் நின்ற செல்லசாமி பையைப் பார்த்துவிட்டான். "என்ன தலைவரே, பயணமா? இன்னைக்குப் பாத்தா?"

நாலைந்து பேர் திரும்பினார்கள். "வெல பேசியாச்சு போல," என்றது ஒரு குரல். பூரணி அவரையே பார்த்தாள்.

கீழே வளைவில் பஸ் உறுமும் சத்தம் கேட்டது. சண்முகவடிவு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள்.

"கண்டிக்குப் போறோம். புள்ளைக்கு வைத்தியம்," என்றார் அவர். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "கொற எனக்குத்தான். அவளுக்கில்ல. இன்னைக்கு விட்டா ஊசி போட்டது வீண்."

எவனோ சிரிப்பை அடக்கினான். சங்கக் கமிட்டியில் இருந்த ஒரே பெண்ணான ராசம்மா முன்னால் வந்தாள்.

"நீங்க போங்க தம்பி. துரைகிட்ட நாங்க பேசுறோம். தராசுல கூடைய வைக்கிறது பொம்பளைங்க நாங்கதானே."

இருவரும் ஓடிப்போய்ப் பஸ்ஸில் தொற்றினார்கள். ஹட்டனில் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. கினிகத்தேனை இறக்கத்தில் மண் சரிந்து ரோடு பாதி அடைபட்டிருந்தது. வெயில் உச்சிக்கு ஏற ஏறச் சண்முகவடிவு கண்ணை மூடிக்கொண்டாள். கண்டியில் இறங்கியபோது மதியம் தாண்டிவிட்டது.

டாக்டர் புறப்படத் தயாராக நின்றார். இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார்.

"பிந்தித்தான் வந்திருக்கீங்க. முட்டை இன்னும் இருக்கோ இல்லையோ, வந்ததுக்குச் செய்து பார்ப்போம்."

ராசம்மா துரையிடம் பேசிய இரண்டாம் நாள் பூரணியைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். அந்த மாதம் சண்முகவடிவு தூரமானாள், கரு நிற்கவில்லை. அடுத்த தலைவர் தேர்தலில் கணேசமூர்த்திக்குக் கை தூக்கியவர்கள் குறைவு. ராசம்மா தலைவியானாள். கேலி செய்தவர்களோடு அவர் சண்டைக்குப் போகவில்லை.

அடுத்த முறை ஊசி போட்ட பிறகு அவர்கள் முதல் பஸ்ஸிலேயே கண்டிக்குப் போனார்கள். அந்த முறை கரு நின்றது.