நாற்பதைப் பார்க்காத வீடு

கடைசல் பட்டறைக்காரருக்கு வரும் மாதம் நாற்பது முடிகிறது. அவர் வீட்டு ஆண்கள் யாரும் அந்த வயதைப் பார்த்ததில்லை. தாத்தா வாந்திபேதியில் போனார். பெரியப்பா இருமி இருமியே உருகிப் போனார். அப்பாவுக்குக் காலில் ஆணி குத்தியது, அவ்வளவுதான். அப்பாவின் முழங்கால்வரை ஏறிய சிவப்புக் கோடு, சிறுவனாகப் பார்த்தது, இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

திங்கட்கிழமை, கடையும்போது தெறித்த இரும்புச் சுருள் ஒன்று அவர் உள்ளங்கையைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். புதன்கிழமை பார்த்தால், மணிக்கட்டிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறியிருந்தது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடுமோ என்று பயம்.

மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "கையைக் காட்டுங்க."

காட்டினார். அம்மாவும் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

"போய் என்ன ஆகப்போகுது? எங்க வீட்டு ராசி உனக்குத் தெரியாதா?"

"ராசியாவது மண்ணாங்கட்டியாவது. எழுந்திருங்க."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சல் குளிரில் அவருக்குப் பல் கிட்டித்தது. டாக்டரம்மா நரம்பில் மருந்தை ஏற்றிவிட்டு, கோடு முடிந்த இடத்தில் பேனாவால் அடையாளம் வைத்தார். "இதைத் தாண்டுதான்னு பாக்கணும். லேட்டாத்தான் வந்திருக்கீங்க."

மாலையில் தாண்டியது. ஒரு விரற்கடை. மருந்தை மாற்றினார்கள். அவர் கண்ணை மூட மறுத்தார்; மூடினால் திறக்காது என்று தோன்றியது. மனைவி அவர் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தாள்.

விடிந்தபோது கோடு பேனா அடையாளத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. காய்ச்சலும் விட்டிருந்தது. மனைவி வீட்டு ராசிக் கதையையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னாள்.

"ராசியெல்லாம் இல்லீங்க," என்றார் டாக்டரம்மா. "தாத்தாவுக்குச் சுத்தமான தண்ணி கிடைக்கல. பெரியப்பாவுக்கு மாத்திரை கிடைக்கல. அப்போ நிறைய வீட்ல இதே கதைதான்."

அம்மா தொங்கிக்கொண்டிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மருந்து இப்பத்தான் வந்துச்சாம்மா? இவன் அப்பா காலத்துல இல்லியா?"

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "இல்லீங்க. இந்த மாதிரி மருந்து அப்பவே இருந்துச்சு. உங்க பக்கம் வந்து சேரல, அவ்வளவுதான்."

"அப்பவே இருந்துச்சா," என்றாள் அம்மா.

மகன் பிழைத்துவிட்டான் என்று மருமகள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள். கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.