தீனதயாளனின் கையெழுத்து

மனுவில் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலத்திலிருந்து அல்லித்தாங்கல் தெருக்காரர்களை யாராலும் தூக்க முடியாமல் போயிற்று. இது முதலில் தெரிந்தது திருவேங்கடத்தின் வீட்டில். மதுராந்தகம் நெல் மண்டியில் மூட்டை தூக்கும் அவர், வேலை முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். மனைவி அவரைச் சாய்த்துப் படுக்க வைக்கப் பார்த்தாள், அசையவில்லை. மைத்துனனைக் கூப்பிட்டாள், பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். ஒரு விரற்கடை நகரவில்லை. சத்தத்தில் விழித்துக்கொண்டவர் தானாக எழுந்து போய்க் கை கழுவிச் சோற்றுக்கு உட்கார்ந்தார். கட்டில் முறியவில்லை, தரையும் பள்ளமாகவில்லை. கனமெல்லாம் தூக்குகிறவன் கையில் மட்டும்தான் இருந்தது. அவரவர் இஷ்டப்படி நடக்கவோ பஸ் ஏறவோ ஒரு தடையும் இல்லை.

மனுவை எழுதியவள் சம்பூர்ணம். பால்வாடியில் ஆயா. எழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும், அந்த ஒரு குற்றத்துக்காகத் தெருச் சங்கத்தின் செயலாளர் பதவியை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். செங்கல்பட்டு நாலா பக்கமும் ஊதிக்கொண்டிருந்த காலம் அது. தாங்கல் ஏரியை அழகுபடுத்தி, சுற்றிலும் நடைபாதையும் பூங்காவும் கார் நிறுத்த இடமும் போடப்போவதாகவும், கரையில் நாற்பது வருஷமாக இருக்கிற ஐம்பத்தெட்டு வீடுகளும் இருபத்தொரு நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் நோட்டீஸ் வந்தது. மாற்று இடம் கருங்குழிக்கும் அப்பால், வயல் நடுவில் ஒரு நாலு மாடிக் கட்டடம். தெருப் பெண்களில் பாதிப் பேர் ஸ்டேஷன் பக்கத்து வீடுகளில் விடிகாலையில் போய்ச் சமைக்கிறவர்கள். அங்கிருந்து முதல் பஸ் வந்து சேர எட்டு மணியாகும். எட்டு மணிக்கு யாருக்குச் சமைப்பது? 'நாங்கள் இந்த இடத்தை விட்டு நகர மாட்டோம்' என்று சம்பூர்ணம் மனுவின் கடைசி வரியை எழுதினாள். கொஞ்சம் அதிகப்படியோ என்று அவளுக்கே தோன்றியது, ஆனால் அடிக்கவில்லை.

ரேஷன் கார்டில் உள்ள குடும்பத் தலைவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் மனு செல்லும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ஐம்பத்தேழு சேர்ந்தது. மிச்சம் ஒன்று, அவள் கார்டு. அதில் தலைவர் அவள் புருஷன் தீனதயாளன்; லோடு ஆட்டோ ஓட்டியவன், மஞ்சள் காமாலையில் போய் ஆறு வருஷமாகிறது. பெயரை எடுத்தால் அரிசி குறையும் என்பது ஒரு காரணம். எடுக்க மனம் வரவில்லை என்பதுதான் நிஜம். சம்பூர்ணம் செயலாளர் என்று கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மேலே ஐம்பத்தெட்டாவது இடத்தில், தீயன்னாவின் சுழியைப் பெரிதாக இழுத்து, கடைசிப் புள்ளியை அழுத்தி வைத்து, அவன் போடுகிற மாதிரியே அவன் பெயரைப் போட்டாள். எதிர்வீட்டு இட்லிக்காரி தனகோடி ரேகை மையைத் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாமே, செத்தவன் கையெழுத்தயும் போட்டுகினு கீற?”

“கார்டுல கீறாரு இல்லக்கா? கார்டுல கீறவங்கதான் போடணும்னாங்க.”

“அப்ப சரி. உசுரோட இருந்தாலும் நீ காட்ற எடத்துலதான் போட்டிருப்பான் அந்தாளு.”

இருபத்திரண்டாம் நாள் ஜேசிபி வந்தது, போலீஸ் வந்தது. முதல் வீடு தனகோடியுடையது. வாசற்படியில் இட்லிக் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண் போலீஸார் நாலு பேர் தூக்கிப் பார்த்தார்கள், பிறகு எட்டுப் பேர். குண்டான் வந்தது, தனகோடி வரவில்லை. மறுநாள் மாமல்லபுரத்துக் கல்பட்டறையிலிருந்து சிலை ஏற்றி இறக்குகிற ஆட்களை, முக்காலியும் சங்கிலிக் கப்பியுமாகக் கூட்டி வந்தார்கள். பத்து டன் நந்தியையே லாரியில் ஏற்றியவர் அந்த மேஸ்திரி. தனகோடியைச் சுற்றி வந்து, கல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்து, இடுப்பில் பட்டையைச் சுற்றி இழுத்தார். சங்கிலி அறுந்து விழுந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவளைக் கும்பிட்டு, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், ஒரு வாரம் எழுதினார்கள், பிறகு வேறு செய்தி கிடைத்துப் போய்விட்டார்கள்.

அந்தப் பொங்கலைப் போல ஒரு பொங்கல் தெருவில் நடந்ததில்லை. வெள்ளையடிப்பதற்காகச் சம்பூர்ணம் தீனதயாளன் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கப் போனாள், வரவில்லை. ஆணி துருப்பிடித்திருக்கும் என்று நினைத்தாள். இரண்டு கையாலும் இழுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது: ஐம்பத்தெட்டாவது கையெழுத்தும் பலித்திருந்தது. அந்தச் சுவர் அவன் கட்டியது. இடித்த வீடுகளிலிருந்து லோடு அடிக்கிறபோது மீந்த செங்கல்லைத் தினம் நாலைந்தாகக் கொண்டு வந்து ஒன்றரை வருஷம் கட்டினான். படத்தை இருந்த இடத்திலேயே துடைத்து, சுற்றி வெள்ளையடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தூக்க முடியாதவர்களைத் தூக்கத் தேவையில்லை என்று மேலே யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்தார். 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று தொடங்குகிற ஒரு விருப்பக் கடிதம் அச்சடித்துத் தெருமுனையில் ஒரு மேசை போட்டார்கள். அதில் கையெழுத்து விழுந்ததும் கனம் இறங்கிவிடும். பிறகு கரண்டை வெட்டினார்கள், தண்ணீர் லாரியை நிறுத்தினார்கள், காத்திருந்தார்கள். மூன்று வருஷம். முதலில் போனவர் திருவேங்கடம். “தங்கச்சி, தப்பா எட்த்துக்காத. வூட்டுக்காரிக்கு வாரத்துக்கு ரெண்டு தபா டயாலிசிஸ். வந்து பட்த்தா ஒரு ஃபேன் இல்ல, குட்ச்ச தண்ணி இல்ல. எப்டிம்மா வெச்சிப் பாத்துக்குவேன்?” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சம்பூர்ணம் அவர் வீட்டு பீரோவுக்கு ஒரு பக்கம் கை கொடுத்து லாரியில் ஏற்றினாள். அதற்குப் பிறகு போனவர்களிடம் அவளுக்கு அந்தப் பொறுமை இல்லை. சிலரை வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினாள், ஏசிவிட்டு உள்ளே வந்து அழுதாள். மூன்றாம் வருஷம் பங்குனியில் மிச்சம் இருந்தவை இருபத்தாறு வீடுகள்.

பங்குனியில் ஒரு காலை தனகோடி அடுப்படியிலேயே சாய்ந்து இறந்தாள். கையெழுத்துப் போட்டவர்களில் இதுதான் முதல் சாவு. பாடை கட்டினார்கள், மேளம் வந்தது, எட்டு ஆண்கள் குனிந்தார்கள். அவள் எழவில்லை. உயிர் போனாலும் எழுதிக் கொடுத்தது போகாது என்று அப்போதுதான் தெரிந்தது. ஐஸ் பெட்டி வாசலிலேயே நின்றது, அதற்குள்ளும் அவளைத் தூக்கி வைக்க வேண்டுமே. ஐஸ் கட்டியாக வாங்கி வந்து சுற்றி அடுக்கினார்கள். மறுநாள் மத்தியானம், ஈ மொய்க்கத் தொடங்கியபோது, தனகோடியின் மகள் வரலட்சுமி சம்பூர்ணத்தை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. “எங்கம்மாவ உட்ருக்கா,” என்றாள்.

சம்பூர்ணம் நடந்து போய்த் தெருமுனை மேசையில் ஒரு விருப்பக் கடிதம் கேட்டாள். அங்கிருந்த குமாஸ்தா ஒன்றும் கேட்காமல் கொடுத்தார், மைப்பெட்டியையும் கொடுத்தார். வரலட்சுமி தாளைப் பிடித்துக்கொள்ள, சம்பூர்ணம் தனகோடியின் விறைத்த கட்டை விரலில் மை தடவி, தாளை அதில் ஒற்றி எடுத்தாள். மூன்று வருஷமாக வீடு வீடாகப் போய் எதைப் போடாதீர்கள் என்று கெஞ்சினாளோ, அதைத் தன் கையாலேயே செய்தாள். இரண்டே பேர் தனகோடியைத் தூக்கினார்கள். பூக்கூடை கனம்கூட இல்லை என்றார்கள் பிறகு.

அதன் பிறகு கூட்டம் எதுவும் போடவில்லை. பிணமாகக்கூட வெளியேற முடியாத இடத்தில் இருங்கள் என்று யாரைப் பார்த்துச் சொல்வது? பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் தெரு காலியாயிற்று. கடைசியாகச் சம்பூர்ணம் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். மகள் திவ்யா நர்ஸிங் முதல் வருஷம்; லாரியில் ஏறி உட்கார்ந்து, மடியில் மிக்ஸியை வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஏற்றியாகிவிட்டது, சுவரில் படம் மட்டும்.

சம்பூர்ணம் ஓடிப்போய் இன்னொரு கடிதம் வாங்கி வந்தாள். தீயன்னாவின் சுழியைப் பெரிதாக இழுத்து, கடைசிப் புள்ளியை அழுத்தி, ஒரு பிசகும் இல்லாமல் அவன் பெயரைப் போட்டாள். இழுத்தாள், வரவில்லை. திவ்யா இறங்கி வந்து இழுத்தாள். லாரிக்காரர்கள் கடப்பாரையால் ஆணியைச் சுற்றிக் குத்தினார்கள், சுண்ணாம்புகூட உதிரவில்லை. சம்பூர்ணம் அவர்களை விலக்கிவிட்டுப் படத்துக்கு நேரே வந்து நின்றாள்.

“மொத தபா போட்டது உன் கையெழுத்துதான்யா. இது என்னுது,” என்றாள். “உனுக்கு இஸ்டம் இல்லனா உடு. நீ இருந்துக்க. நாங்க போறோம்.”

வீட்டின் மற்ற மூன்று சுவர்களும் கூரையும் பத்து நிமிஷத்தில் விழுந்தன. அந்தச் சுவரில் ஜேசிபியின் பல் இரண்டு வளைந்தது. மாமல்லபுரத்து மேஸ்திரியை மறுபடி கூப்பிட்டபோது அவர் போனிலேயே மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் வரைபடத்தைத் திருத்தி, நடைபாதையை அந்த இடத்தில் கொஞ்சம் வளைத்துப் போட்டார்கள். இப்போது காலையில் தாங்கலைச் சுற்றி நடக்கிறவர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் வலப்பக்கம் ஒதுங்கிப் போகிறார்கள். படத்தில் இருப்பது யாரென்று கேட்டால், முன்பு இங்கே குடியிருந்தவர் என்று காவலாளி சொல்கிறார்; இருக்கிறவர் என்றுதான் சொல்ல வேண்டும். சுவரில் சாயக்கூடாது என்று ஒரு பலகை உண்டு.

கருங்குழி தாண்டிய அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், குடிபோன அன்றே சம்பூர்ணம் கூடத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்து வைத்தாள். அதில் எதையும் மாட்ட விடுவதில்லை. அமாவாசைதோறும் இரண்டு பஸ் மாறிச் செங்கல்பட்டுக்கு வந்து, தாங்கல் தண்ணீரில் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்து, பொட்டு வைத்து, ஒரு முழம் பூவைச் சார்த்துகிறாள். யார் வீட்டில் என்ன விசேஷம், டயாலிசிஸ் எப்படிப் போகிறது, வரலட்சுமிக்குப் பெண் பிறந்தது எல்லாம் சொல்கிறாள். பூங்காவை ஆறரைக்கு மூடுகிறார்கள். அதற்குள் கிளம்பினால்தான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.