பட்டாதாரர் சாமி

ஏஞ்சல் ஞாயித்துக்கிழமை மாதாகோயிலுக்குப் போறவ. அவ உழறது சிவன் கோயில் நெலம், காஞ்சிபுரம் ஓரிக்கை பக்கம், மாமனார் காலத்துக் குத்தகை. அதுல இதுவரைக்கும் யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்ல. கார்த்திகை மழைதான் வந்து கெடுத்துச்சு. பால் பிடிச்ச நெல்லு மொத்தமும் தண்ணில படுத்து அழுகிப்போச்சு.

வெள்ள நிவாரணம் கைக்கு வந்தாத்தான் அடுத்த நவரைப் போகத்துக்கு உழவு ஓட்ட முடியும். தரிசாப் போட்டா கோயில்காரங்க குத்தகைய ரத்து பண்ணி ஏலம் விட்டுடுவாங்க. அவளுக்கு அந்த பயத்துல சோறே எறங்கல.

நிவாரணத்துக்குப் பதியற எடத்துல கம்ப்யூட்டர் முன்னாடி ஆனந்தகுமார்னு வெளியூர்லேர்ந்து வந்த புது ஆளு. நெலம் யார் பேர்லன்னு கேட்டான். சாமி பேர்லன்னு சொன்னா. காஞ்சிபுரத்துல அதுக்கு வேற அர்த்தமே கெடையாது, கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் ‘சாமி’ன்னே அடிச்சான். ஆதார் இருக்கான்னான், இல்லன்னு சொன்னா. அப்புறம் தலையத் தூக்காமலே கேட்டான்:

“சாமி உயிரோட இருக்காரா?”

கிண்டல் பண்றான்னு நெனைச்சிட்டா. காலைலேர்ந்து வரிசையில நின்ன கடுப்பு வேற.

“அவரு எங்க இருக்காரு? இருந்தா எம் பயிரு இப்பிடி அழுகுமா?”

ஐயோ பாவம், அவன் இறந்துட்டார்னு அடிச்சிட்டான்.

ஊர்ல எல்லாருக்கும் பணம் ஏறிச்சு. இவளுக்கு மட்டும் போன்ல மெசேஜ்: பட்டாதாரர் சாமியின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொண்டு வரவும். அடக் கொடுமையே, எந்தச் சுடுகாட்டுல போயி வாங்குறது? மொதல்ல சிரிச்சா. அப்புறம் சிரிக்க முடியல. கிராம ஆபீஸ்ல தாலுகாவுக்குப் போன்னாங்க, தாலுகாவுல அடிச்சவனையே கேளுன்னாங்க, அடிச்சவன் அந்தப் பதிவு இனிமே எனக்குத் தெறக்காதுக்கான்னான். செருப்பு தேய அலைஞ்சா. ஒவ்வொருத்தரும் கதையக் கேட்டுச் சிரிச்சாங்களே ஒழிய, ஒருத்தரும் கைய வெக்கல.

கடைசில எவரோ மேலதிகாரி தெறந்துவிட்டாரு. ஆனந்தகுமார் மன்னிப்புக் கேட்டுக்கினு, கோயில் பேர முழுசா அடிச்சு, சரியாப் போச்சுக்கான்னான். சரியாத்தான் போச்சு. பணம் கோயில் கணக்குல ஏறிடுச்சு.

கோயில் ஆபீஸ் கணக்கர் கலியாணசுந்தரம் கெட்ட மனுஷன் இல்ல. உக்காரச் சொன்னாரு. நெலத்துக்காரர் பேர்ல வந்தத மேலிடத்து உத்தரவு இல்லாம எடுத்துத் தர முடியாதுன்னாரு. போன போகத்துக் குத்தகை பாக்கியையும் மெதுவா ஞாபகப்படுத்தினாரு.

“சார், தண்ணில அழுகினது சாமி நட்ட பயிரா?”

அவரு கணக்கு நோட்ட மூடி வெச்சாரு.

“அப்ப இந்தப் போகம் சாமியையே எறங்கி நடச் சொல்லுங்க”ன்னு எழுந்துட்டா.

“நீ நடலன்னா ஏலம் கேக்க ஆள் நிக்குதும்மா.”

மிரட்டலாச் சொல்லல, உள்ளதச் சொன்னாரு. அதுதான் அவளால தாங்க முடியல. பஸ்ல முந்தானைய வாயில வெச்சு அழுதுக்கினே வந்தா. புருஷன் சத்யராஜ், விட்டுத் தொலைடி, கம்பெனி வேலைக்குப் போலாம்னான். அவளுக்கும் வாஸ்தவமாத்தான் பட்டுச்சு. ஆனா அடுத்த வாரமே கடனுக்கு டிராக்டர் விட்டு, நாத்து வாங்கிட்டா.

நடவன்னிக்குக் கெழக்க பாத்து, ‘சாமி, உன் நெலம், பாத்துக்கோ’ன்னு சொல்லித்தான் அந்தப் பக்கம் மொத நாத்த ஊனுவாங்க. மாமனார் சொல்லுவாரு, அவருக்கப்புறம் ஏஞ்சல் சொல்லுவா. இந்தத் தடவையும் நடவுப் பொம்பளைங்க நாத்தக் கையில வெச்சுக்கினு அவ மொகத்தப் பாத்து நின்னாங்க.

ஒண்ணும் சொல்லாம குனிஞ்சு நட்டா.